மொட்டையும் வைத்தியமும்



இன்று மொட்டையைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்றதும் உங்களில் சிலர் சிரிக்கின்றீர்கள். திருப்பதியையும் பழனியையும் இன்றைக்கும் இவர்கள் விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டீர்கள் போலும். சேதி அதுவல்ல. இது அமெரிக்கா தேசத்து மொட்டை. இதை ஆதரித்துப் பேசவே வந்திருக்கின்றோம்.

2000-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 17-ந் தேதி நியூயார்க்கு நகரத்தில் ஒரு மதுக்கடையில் சில இன்ஷூரன்சு வியாபாரிகள் கூடினார்கள். அன்று பாட்ரிக் என்னும் ஐரிஷ் நாட்டுச் சாமியாரின் திருநாள். ஜனங்கள் குடித்துக் கூத்தாடுகிற நாள். டிம் கென்னி, ஜான் பெண்டர், எண்டா மெக்டானெல் என்ற மூவர், வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்த தாங்கள் பிறருக்கும் ஏதாவது செய்யவேண்டும் என்று இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்காகத் தலையை மழித்துக்கொள்வது, அதைச் சொல்லிச் சிநேகிதர்களிடம் பணம் திரட்டுவது என்பதே ஏற்பாடு. 17-ந் தேதிக்கு 17,000 டாலர் என்பது அவர்கள் கணக்கு. பலர் தலையைக் கொடுத்தார்கள். சேர்ந்ததோ 1,04,000 டாலருக்கு மேல்!

இதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் வேடிக்கை. ‘பால்டு’ என்றால் மொட்டை; அதைப் பாட்ரிக்கோடு ஒட்டி ‘செயிண்ட் பால்ட்ரிக்’ என்றார்கள். அப்படி ஒரு சாமியார் பிறக்கவுமில்லை, சாகவுமில்லை. நாங்களே உண்டாக்கிய பெயர் என்று பகிரங்கமாகச் சொல்லுகின்றார்கள். நம் நாடாயிருந்தால் இதற்குள் அவருக்கு ஒரு தலபுராணமும், உண்டியலும், உற்சவமும் ஏற்பட்டிருக்கும்! அங்கே 2005-ல் ஒரு சங்கம் ஏற்பட்டது; அது இதுவரை ஆராய்ச்சிக்குக் கொடுத்தது 30 கோடி டாலருக்கும் மேல்.

பணம் கொடுப்பதற்கு மயிர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புற்றுநோய் மருந்து வேகமாகப் பெருகுகின்ற அணுக்களைத் தாக்குகின்றது. மயிர்க்காலில் உள்ள அணுக்களும் வேகமாகப் பெருகுபவை. ஆகவே அவையும் அடிபட்டு மயிர் கொட்டுகின்றது. வைத்தியம் முடிந்தபின் பெரும்பாலும் முளைத்துவிடும். ஆனால் அதுவரையில் மற்றப் பிள்ளைகள் நடுவே அந்தக் குழந்தை படும் கூச்சம் கொஞ்சமல்ல. பெரியவர் ஒருவர் வலிய மொட்டையடித்துக்கொண்டு தெருவில் போனால், கண்டவர் ஏன் என்று கேட்பார், விஷயம் பரவும். பெண்களும் இதைச் செய்கின்றார்கள். புருஷன் செத்தான் என்று பலவந்தமாய்ப் பெண்ணின் தலையை மழித்த நாட்டில் நின்று இதைச் சொல்லுகின்றோம் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால், நம்மவர் சொல்லுவதென்ன? பூர்வ ஜென்ம பாவம்! பெற்ற தாயின் காதில் விழவே சொல்லுகின்றார்கள். இது குழந்தை செய்த எதனாலும் வருவதல்ல.

முக்கால் நூற்றாண்டுக்கு முன் இந்நோய் கண்ட குழந்தை பிழைக்காது. 1947-ன் கடைசியில் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி பார்பர் ‘அமினோப்டெரின்’ என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது, அதுவும் தற்காலிகமாகத்தான். ஆனாலும் வழி திறந்தது. அம்மருந்தை உண்டாக்கிய கூட்டத்தின் தலைவர் யார்? பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்று பணக்கார தேசங்களில் புற்றுநோய் கண்ட குழந்தைகள் 100-க்கு 80-க்கு மேல் பிழைக்கின்றார்கள். ஏழை தேசங்கள் பலவற்றில் 30-க்கும் குறைவு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. தலையெழுத்து தேசத்துக்குத் தேசம் மாறுமா? நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதும், மருந்து கிடைப்பதும்தான் மாறுகின்றன. குழந்தை நோயாளிகள் எண்ணிக்கையில் கொஞ்சமானதால் மருந்துக் கம்பெனிகளுக்கு இதில் லாபம் குறைவு. இந்த வேலையைச் சர்க்கார்களே செய்யவேண்டும். மதுக்கடையில் வசூல் செய்யவேண்டியிருப்பது அவர்களுக்குப் பெருமையல்ல.

ஒரு தோழர், திருப்பதி மயிரும் ஏலம் போய்ப் பணமாகிறதே என்று சீட்டு எழுதியனுப்பியிருக்கின்றார். ஆகின்றது. தேவஸ்தானம் ஆஸ்பத்திரியும் நடத்துகின்றது, மறுக்கவில்லை. நாம் கேட்பது, பிள்ளைக்கு நேர்ந்துகொண்டு டாக்டரிடம் போகாமல் கழிக்கிற அந்த இரண்டு மூன்று மாதத்தைப் பற்றித்தான். விடாத ஜுரம், வெளிறிய முகம், அடிபடாமலே கன்றிப்போதல், கட்டி, கண்மணியில் வெள்ளையாய் ஒரு மினுக்கு, இவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்காதீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் ஏற்படுத்திய புற்றுநோய் ஆஸ்பத்திரி சென்னை அடையாற்றில் இருக்கின்றது. குழந்தைகளுக்கும் அங்கே வைத்தியம் உண்டு.