ஒரு கிலோபைட்டின் இலக்கணம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கவிதையும் கட்டுப்பாடும்’ என்னும் தலைப்பை எனக்குத் தந்துள்ளனர். யாப்பைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். யாப்பைப் பற்றி இவ்வவையில் பத்தாண்டுகளாகப் பேசியாயிற்று. மரபுக் கவிஞர் புதுக்கவிஞரை வென்றதாகவோ, புதுக்கவிஞர் மரபுக் கவிஞரை வென்றதாகவோ நான் அறியேன். எனவே இன்று வேறொரு வாயில் வழியாக உள்ளே வர விழைகின்றேன். அவ்வாயில் ஒரு கணிப்பொறி. தமிழாசிரியைக்கு இஃது ஏன் என்று சிலர் புன்னகைப்பது தெரிகின்றது. சற்றுப் பொறுத்தருள்க.

1981ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்து நாட்டில் சின்கிளேர் இசட் எக்ஸ் 81 என்னும் சிறு கணிப்பொறி வெளிவந்தது. கிளைவ் சின்கிளேரின் கேம்பிரிட்ஜ் நிறுவனம் அதனை உருவாக்கியது; ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் இருந்த டைமெக்ஸ் ஆலையில் அது செய்யப்பட்டது. உறுப்புகளாக வாங்கி வீட்டில் பற்றவைத்துக்கொண்டால் 49.95 பவுண்டு, செய்து முடித்ததை வாங்கினால் 69.95 பவுண்டு. உள்ளே நான்கே சில்லுகள், சிலவற்றில் ஐந்து. திரை தனியாக இல்லை. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே திரை. எழுதியதைக் காப்பதற்குப் பாட்டுக் கேட்கும் ஒலிநாடாக் கருவி. எளியோர் வீட்டிற்குள் கணிப்பொறி நுழைந்த வழிகளுள் இஃது ஒன்று. பதினைந்து இலட்சத்திற்கும் மேல் விற்றது என்பர்.

அதன் நினைவகம் 1 கிலோபைட். அதாவது 1024 எழுத்துகள் கொள்ளும் இடம். கவிஞர்கள் கணக்கைக் கண்டு அஞ்சுவர் என்பது தெரியும். ஆயினும் இந்தக் கணக்கு சுவையானது. 1024இல் 125 பைட்டைப் பொறி தன் சொந்தக் குறிப்புகளுக்கென எடுத்துக்கொள்ளும். எஞ்சுவது 899. திரையில் தோன்றும் எழுத்துகளும் இதே நினைவகத்தில்தான் தங்கவேண்டும். திரை வெறுமையாக இருந்தால் 25 பைட் போதும். எழுத எழுத அது வளரும். 24 வரியும் நிரம்பிவிட்டால் 793 பைட். அப்போது நிரலுக்கு எஞ்சுவது 106 பைட். அதிலும் பொறியின் இடைக்காலக் கணக்குகளுக்குப் பங்குண்டு. நிறையப் பேசினால் நினைக்க இடமில்லை. மேடைப் பேச்சாளராகிய என்னைப் போன்றோர் எண்ணிப் பார்க்கவேண்டிய பொறி இது!

இன்னொன்று. திரையில் படம் வரைவதும் கணக்குப் போடுவதும் ஒரே செயலியின் வேலை. விரைவு நிலையில் வைத்தால் திரை இருண்டுவிடும், பொறி நினைத்துக்கொண்டிருக்கும். மெது நிலையில் வைத்தால் திரை ஒளிரும். நினைப்பு நின்று நின்று நடக்கும்.

இத்தகைய நெருக்கடியில் நிரல் எழுதியோர் செய்த சொற்சிக்கனம் நம் கவனத்திற்குரியது. பேசிக் மொழியின் கட்டளைச் சொல் ஒவ்வொன்றும் ஒரே பைட்டில் அடங்கும். எண்ணோ அப்படியன்று. நிரலில் சுழியம் என்று ஓர் இலக்கத்தை எழுதினால், அந்த இலக்கத்தோடு அதன் கணித வடிவமும் மறைவாகச் சேர்ந்து 7 பைட்டைப் பிடிக்கும். இதைக் கண்டுகொண்டவர்கள் சுழியம் எழுதுவதையே விட்டனர். ‘நாட் பை’ என்று எழுதினர். பை என்பது வட்டத்தின் விகிதம். அது சுழியம் அன்று. ஆதலின் அதன் முன் ‘அன்று’ என்னும் பொருள்படும் ‘நாட்’ இட்டால் விடை சுழியம். இரண்டே பைட். ஒன்று வேண்டுமா? பை நேரெண்ணா எதிரெண்ணா என்று கேட்டால் ஒன்று என விடை வரும். மூன்று வேண்டுமா? பையின் பின்னத்தை நீக்கினால் மூன்று. நன்னூலார் நூலுக்குச் சொன்ன பத்து அழகுகளுள் முதலாவதாகிய சுருங்கச் சொல்லல் இவண் உச்சம் பெறுகின்றது. ஆனால் இரண்டாவதாகிய விளங்க வைத்தல்? மறைபொருள் அறியாதவன் அந்த நிரலைப் படித்தால் தலை சுற்றும். இந்த இரு அழகுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பதை நம் கவிதைகளிலும் காண்கிறோம். பெயர் சொல்லப் போவதில்லை.

இந்த ஒரு கிலோபைட்டின் மணிமகுடம் 1982இல் டேவிட் ஹார்ன் எழுதிய சதுரங்க ஆட்டம். 672 பைட்டில் கணிப்பொறி மனிதனோடு சதுரங்கம் ஆடியது. 2015இல் 487 பைட்டில் வேறொன்று எழுதப்படும்வரை அதனினும் சிறிய சதுரங்கம் இல்லை என்றே கருதப்பட்டது. வியப்புத்தான். ஆயினும் முழுமையா? அதில் கோட்டை கட்ட இயலாது. எட்டாம் கட்டத்தை எட்டிய சிப்பாய் அரசியாக உயர இயலாது. கடந்து செல்லும் சிப்பாயை வெட்டும் விதியும் இல்லை. நன்னூலார் சொன்ன பத்துக் குற்றங்களுள் முதலாவதாகிய குன்றக் கூறல் என்று இதனைச் சொன்னால், சதுரங்கம் அறிந்தோர் மறுக்கமாட்டார்.

இனி நினைவுப் பெட்டிக்கு வருவோம். கணிப்பொறியின் பின்புறத்தில் மின்சுற்றுப் பலகையின் ஓரம் ஒரு துளை வழியே வெளியே தெரியும். அவ்வோரத்தில் 16 கிலோபைட் நினைவுப் பெட்டியைச் செருகலாம். வெளிவந்தபோது அதன் விலை 49.95 பவுண்டு. கணிப்பொறியை உறுப்புகளாக வாங்கும் விலை எதுவோ, அதே விலை நினைவுக்கும்! உள்ளே எட்டுச் சில்லுகள். அவை மறதிக்காரச் சில்லுகள். ஒவ்வொன்றிலும் உள்ள நுண்ணிய மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். 2 மில்லி செகண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால்தான் நினைவு நிற்கும். இடைவிடாது நினைவூட்டப் பெறுவதே அங்கு நினைவு எனப்படுகின்றது. மேலும் ஒரு செய்தி: பெட்டியைச் செருகினால் 16உம் 1உம் சேர்ந்து 17 ஆகாது. உள்ளிருந்த பழைய ஒரு கிலோபைட் அணைக்கப்பட்டுவிடும். புதியது வந்தவுடன் பழையது வாய்மூடிக்கொள்ளும்.

இப்பெட்டிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அதனை இறுகப் பிடித்துக்கொள்ளத் திருகோ கொக்கியோ இல்லை. தட்டையான விசைப்பலகையை அழுத்திக் குத்தவேண்டும். குத்தினால் பொறி அசையும். பொறி அசைந்தால் பெட்டி ஆடும். ஒரு தொடுமுனை கணநேரம் விலகினாலும் அத்தனையும் அழிந்துவிடும். மூன்று மணி நேரம் தட்டிய நிரல் ஒரு விரலசைவில் போகும். ஒலிநாடாவில் பதிய வேண்டுமானால் 16 கிலோபைட்டிற்குப் பல நிமிடம் ஆகும். ஆகவே அடிக்கடி பதியவும் மாட்டார்கள். அச்சுப்பொறி வாங்கினோர் பாடு இன்னும் மோசம்: அதன் இணைப்பைக் கணிப்பொறியில் செருகி, அதன் முதுகில் நினைவுப் பெட்டியைச் செருகவேண்டும். பசைநாடாவும் பிசினும் இரப்பர் வளையமும் கொண்டு அந்தக் கோபுரத்தைக் கட்டிவைத்தனர். மெமோடெக் போன்ற வேறு நிறுவனங்களும் பெட்டிகள் செய்தன. 64 கிலோபைட் வரை கிடைத்தது.

இத்தனைத் தொல்லையையும் மக்கள் ஏன் பொறுத்தனர்? 16 கிலோபைட் இருந்தாலன்றிச் சில படைப்புகள் பிறக்கவே முடியாது. மால்கம் எவான்சு எழுதிய ‘3டி மான்ஸ்டர் மேஸ்’ என்னும் ஆட்டத்தில் நடப்பவரின் கண்வழியே சுவர்கள் விரியும். எங்கோ ஒரு பெருவிலங்கு நெருங்கிவரும். கரிய கட்டங்களால் ஆன திரையில் குழந்தைகள் உண்மையாகவே அஞ்சினர். எத்தனைச் சிக்கனம் செய்தாலும் ஒரு கிலோபைட்டில் அந்த அச்சத்தை எழுத இயலாது.

நான் சொல்ல வந்தது இதுதான். கட்டுப்பாடே கலையை வளர்க்கும் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். நான் முழுதும் உடன்படேன். குறள் வெண்பா எழுதுபவர் ஏழு சீரைத் தாமே தேர்ந்துகொள்கிறார். எட்டாம் சீர் அவருக்கு மறுக்கப்படவில்லை, அவர் வேண்டாம் என்கிறார். ஒரு கிலோபைட்டோடு நின்ற சிறுவன் அதைத் தேரவில்லை. அவன் வீட்டில் இன்னும் 49.95 பவுண்டு இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் புகழ்வது இல்லாமையைப் புகழ்வதாகும். அச்சிடப் பணமின்றிக் கவிதைகளைச் சுருக்கிய கவிஞர் இவ்வவையிலேயே இருக்கின்றனர். அச்சுருக்கத்தை அழகு என்று நாம் பாராட்டியதும் உண்டு. அதே வேளையில், பெட்டியைச் செருகியவுடன் எல்லாரும் எவான்சு ஆகிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இடம் கிடைத்தது என்பதற்காகவே நீட்டிய நிரல்கள் அக்கால இதழ்களில் நிறைய வந்தன. மிகைபடக் கூறலும் குற்றமே.

எழுத்து பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இப்பொறியின் நிலைநினைவில் 64 வடிவங்கள் மட்டுமே செதுக்கப்பட்டிருந்தன. ஆங்கிலத்திற்கே சிற்றெழுத்துகள் இல்லை. நினைவுப் பெட்டியைச் செருகினாலும் அவ்வடிவங்கள் மாறா. வேறு எழுத்துகளைத் திரையில் காட்டுவதற்கெனத் தனிப் பலகை விற்றார்கள். நம் 247 எழுத்துகளை அந்த 64இல் எங்கே வைப்பது? இடம் பெருகுவது வேறு, நம் எழுத்துக்கு இடம் கிடைப்பது வேறு என்று இதனால் அறிகிறோம்.

சின்கிளேர் 2021இல் மறைந்தார். அவருடைய அந்தப் பொறியை இன்றும் பழுதுபார்த்து ஓட்டுவோர் உளர். அவர்கள் பழைய ஒரு கிலோபைட் சில்லை எடுத்துவிட்டு, 32 கிலோபைட் கொண்ட ஒரே சில்லை உள்ளேயே பற்றவைத்து விடுகின்றனர். அது கசியாத வகைச் சில்லு, புதுப்பிக்கவும் வேண்டா. முதுகில் ஏறி நின்ற பெட்டிக்கு இப்போது வேலையில்லை. எவ்வளவு அழுத்திக் குத்தினாலும் எதுவும் ஆடுவதில்லை.