ஊர்த் தண்ணீருக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு



வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதி வைப்பவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். மளிகைக் கடைப் பாக்கி எவ்வளவு, பால்காரருக்கு எவ்வளவு தர வேண்டும், கையில் மிச்சம் எவ்வளவு என்று எழுதுகிறீர்கள். தண்ணீருக்கு அப்படிக் கணக்கு எழுதுகிறவர் உண்டா? பெரும்பாலான ஊர்களில் இல்லை. கிணறு வற்றிய பிறகுதான் இருப்பு தீர்ந்து போனது தெரிகிறது.

மகாராஷ்டிர மாநிலத்தில் ஓர் ஊர் இந்தக் கணக்கை எழுதுகிறது. ஊரின் பெயர் ஹிவ்ரே பஜார். அகமதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டத்தின் இன்றைய பெயர் அகில்யா நகர். சஹ்யாத்ரி மலைக்குக் கிழக்கே மழை மறைவுப் பகுதி அது. மேகம் மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் பக்கம் வருவது சொற்பம். ஊரின் கீழே கரும்பாறை. அதில் தண்ணீர் எளிதில் இறங்காது.

1972-இல் மகாராஷ்டிரத்தில் பெரும் வறட்சி வந்தது. அதற்குப் பிறகு இந்த ஊர் தலை நிமிரவே இல்லை. மரங்களை வெட்டிவிட்டார்கள். மலைச்சரிவு மொட்டையாயிற்று. பெய்த கொஞ்ச மழையும் மண்ணை வாரிக்கொண்டு ஓடியது. பலர் மும்பைக்கும் புனேவுக்கும் கூலி வேலைக்குப் போனார்கள். மிஞ்சியவர்களிடம் சாராயமும் சண்டையும் மலிந்தன.

1989-இல் போபட்ராவ் பவார் என்ற இளைஞரை ஊரார் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் வணிகவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். கணக்குப் படித்தவர் கையில் ஊர் வந்தது நல்லதாகப் போயிற்று! ஊரார் சேர்ந்து சிரமதானம் செய்தார்கள். அரசுத் திட்டப் பணமும் வந்தது. மலைச்சரிவில் அகழி வெட்டினார்கள். ஓடையில் தடுப்பணை கட்டினார்கள். கசிவுநீர்க் குட்டைகள் தோண்டினார்கள். மரம் வெட்டக் கூடாது, ஆடுமாடுகளைக் கண்டபடி மேயவிடக் கூடாது என்று கட்டுப்பாடு செய்தார்கள். கிணறுகளில் தண்ணீர் ஏறியது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் வேறு பல ஊர்களைப் போலத்தான் ஆகியிருக்கும். தண்ணீர் ஏறியதும் என்ன நடக்கும்? ஆளுக்கொரு மோட்டார் வைப்பார்கள். கரும்பு போடுவார்கள். சில ஆண்டுகளில் கிணறு பழையபடி வற்றும். தடுப்பணை கட்டிய ஊர்கள் பல இப்படித்தான் ஏமாந்தன. வரவைப் பெருக்கினார்கள், செலவை யாரும் கேட்கவில்லை.

ஹிவ்ரே பஜாரில் செலவைக் கேட்டார்கள். 2004 முதல் ஆண்டுதோறும் கணக்குப் போடுகிறார்கள். மழைமானியில் மழையை அளக்கிறார்கள். சில கிணறுகளைக் கண்காணிப்புக்கென ஒதுக்கி, அவற்றில் நீர்மட்டத்தைப் பார்க்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் கிராமசபை கூடுகிறது. இருப்பு எவ்வளவு, எந்தப் பயிர் எவ்வளவு போடலாம் என்று அங்கே முடிவாகிறது.

இந்தக் கணக்கை எப்படிப் போடுவது? கஷ்டமில்லை. ஒரு ஏக்கர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 4,000 லிட்டர். இதை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்.

எடுத்துக்காட்டாக ஓர் ஊரை எண்ணிக்கொள்வோர் இப்படிப் போட்டுப் பார்க்கலாம். ஊரின் பரப்பு 2,500 ஏக்கர். அந்த ஆண்டு மழை 300 மில்லிமீட்டர். மொத்தம் 300 கோடி லிட்டர்! கேட்டதும் பணக்கார ஊர் என்று தோன்றும். ஆனால் இதில் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகும். செடி கொடி குடிக்கும். ஒரு பகுதி ஓடையில் ஓடிவிடும். பாறைப் பகுதியில் பூமிக்குள் போய்ச் சேருவது சுமார் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், கிணறுகளுக்கு வரும் வரவு 30 கோடி லிட்டர்.

இனிச் செலவு. ஊரில் 1,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 2 கோடி லிட்டர். மாடுகள் 500. ஒன்றுக்கு 60 லிட்டர் என்றால் 1 கோடி லிட்டருக்குச் சற்று மேலே. ஆகக் குடிதண்ணீரும் வீட்டுச் செலவும் 3 கோடி. மீதி 27 கோடி.

இந்த மீதியை அப்படியே வயலுக்கு இறைத்துவிடலாமா? ஹிவ்ரே பஜாரில் அப்படிச் செய்வதில்லை. மீதியில் நூற்றுக்கு 70 பங்குதான் பாசனத்துக்கு. 30 பங்கு பூமியிலேயே கிடக்க வேண்டும். அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் அதுதான் துணை. எடுத்துக்காட்டு ஊரில் பாசனப் பங்கு சுமார் 19 கோடி லிட்டர் வரும்.

அந்த 19 கோடியில் என்ன விளையும்? கரும்புக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 80 லட்சம் லிட்டர் வேண்டும். 23 ஏக்கரோடு தண்ணீர் தீர்ந்தது. கோதுமைக்குச் சுமார் 16 லட்சம் லிட்டர். 118 ஏக்கர் போடலாம். கொண்டைக்கடலைக்குச் சுமார் 8 லட்சம் லிட்டர். 237 ஏக்கர் போடலாம். மழைக்காலக் கம்பு மழையிலேயே விளைந்துவிடுவதால் கிணற்றுக் கணக்கைப் பெரிதாகத் தொடுவதில்லை. இரண்டு மூன்று பேருடைய கரும்பா, ஊரில் பாதிப் பேருடைய கடலையா? நோட்டில் எழுதிப் பார்த்தால்தான் இந்தக் கேள்வி கண்ணில் படும்.

ஹிவ்ரே பஜாரில் கரும்பும் வாழையும் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்றும் கட்டுப்பாடு வைத்தார்கள். இது சின்ன முடிவல்ல. அதே மாவட்டத்தில் பிரவரா நகரில்தான் 1950-இல் மகாராஷ்டிரத்தின் முதல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை தொடங்கியது. சுற்றிலும் கரும்பு பணமாக மாறுகிறது. நிலமும் கிணறும் உள்ளவர் அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மழை குறைந்த ஆண்டில் கோதுமையையும் குறைக்க வேண்டும். வயிற்றைக் கட்டித்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.

அவர்கள் கணக்குத் தொடங்கியபோது சட்டமும் முழுத் துணையாக இல்லை. நிலத்தின் கீழ் ஊறும் நீரை எடுக்க நிலத்துக்காரருக்கே உரிமை என்பது 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த நிலை. மகாராஷ்டிரத்தில் 1993-இல் வந்த சட்டம் பொதுக் குடிநீர்க் கிணற்றைச் சுற்றிப் புதுக் கிணறு தோண்டுவதைக் கட்டுப்படுத்தியது. எந்தப் பயிர் போடுவது என்பதை அது கட்டுப்படுத்தவில்லை. ஆகவே ஊர்க் கட்டுப்பாடு நின்றது ஊராரின் ஒப்புதலில்தான். ஒருவர் இரவோடு இரவாக ஆழ்துளைக் கிணறு இறக்கினால் பக்கத்துக் கிணறு வற்றும். பூமிக்கு மேலேதான் வரப்பு உண்டு, கீழே ஏது?

நிலமில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கில் என்ன பங்கு? பாசனத் தண்ணீர் நிலத்துக்காரருக்குத்தான் போகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குடிதண்ணீர் முதல் வரியில் இருக்கிறது. குடம் தூக்கி நடக்கும் பெண்களுக்கு அந்த முதல் வரிதான் முக்கியம். வயலில் வேலை இருந்தால் கூலிக்கு மும்பை போக வேண்டியதில்லை. புல் வளர்ந்ததால் மாடு வைத்தவர்களுக்குப் பாலும் பெருகியது. வெளியூர் போன குடும்பங்கள் பல திரும்பி வந்தன.

ஆந்திரத்தில் வேறு விதமாகச் செய்தார்கள். 2003 முதல் சில ஆண்டுகள், வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில் விவசாயிகளே மழையையும் கிணற்றையும் அளந்து கணக்குப் போட்டார்கள். கணக்கை எல்லோரும் பார்க்க எழுதி வைத்தார்கள். எந்தப் பயிர் போடுவது என்பதை அவரவர் விருப்பத்துக்கே விட்டார்கள். நெல்லைக் குறைத்தவர்கள் உண்டு. குறைக்காதவர்களும் உண்டு. கட்டாயம் இல்லை, ஆனால் தெரியாமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. 2020-இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் அடல் பூஜல் திட்டமும் 7 மாநிலங்களில் ஊராட்சிகளைத் தண்ணீர்க் கணக்கு எழுதச் சொன்னது.

கணக்கு தொடங்கப் பெரிய செலவு வேண்டாம். மழைமானி ஒன்று, அளவு குறித்த கயிறு ஒன்று, அதன் நுனியில் கட்ட ஒரு கல். ஊரின் நாலு பக்கமும் ஒவ்வொரு கிணறு. கோடையின் முடிவில் ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, கிணற்று வாயிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று அளக்க வேண்டும். மோட்டார் ஓடும் நேரத்தில் அளந்தால் கணக்குத் தப்பும். விடியற்காலை நல்ல நேரம். தேதி, கிணறு, அடி என்று மூன்று கட்டம் போட்ட நோட்டில் எழுத, படிக்கக் கற்றுக்கொண்ட ஒருவர் போதும்.