மெட்டு டெனரில் இருக்கிறது

வில்லியம் பில்லிங்ஸின் பாட்டை ஆர்கன் வைத்துப் பாடிய ஒரு பதிவைப் போன வாரம் கேட்டேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஆர்கனைக்கூடப் பொறுத்திருப்பேன், மெட்டைத் தூக்கிப் பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோவிடம் கொடுத்துவிட்டார்களே! மெட்டு டெனரில், ஆண்களின் மேல் குரலில் இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், டெனரில்.

பில்லிங்ஸ் பாஸ்டன்காரர், தோல் பதனிடுகிறவர். ஒரு கண்ணில் பார்வை கிடையாது, ஒரு கால் குட்டை, ஓயாமல் மூக்குப்பொடி. 1770-இல் அவர் போட்ட 'நியூ இங்கிலாந்து சாம் சிங்கர்', முழுக்க முழுக்க ஓர் அமெரிக்கர் இயற்றிய மெட்டுகளே அடங்கிய முதல் நூல். அந்தக் காலத்தில் இப்படி மெட்டுக் கட்டியவர்கள் பலரும் தொழிலாளிகள்தான். 'ஷெர்பர்ன்' என்ற மெட்டைத் தந்த டேனியல் ரீட் சீப்பு செய்கிறவர்.

இவர்கள் பாட்டுகளில் மெட்டு நடுவில் ஓடுகிறது. டெனர் வரியை ஆண்களோடு பெண்களும் ஒரு ஸ்தாயி மேலே சேர்ந்து பாடுவார்கள். மேலேயும் மெட்டு, கீழேயும் மெட்டு, சுற்றிலும் மற்ற குரல்கள். அடிக்குரலான பேஸோ பில்லிங்ஸுக்கு உயிர். நாற்பது பேர் பாடினால் இருபது பேரை பேஸில் நிறுத்து என்கிறார். எங்கள் குழுவில் பதினோரு பேர். ஐந்து பேரை பேஸுக்கு அனுப்பிப் பார்த்தேன். முதல் அடியிலேயே மர பெஞ்சு அதிர்ந்தது. ஆல்ட்டோ பாடும் அக்கா பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்!

இன்னொன்று. பல இடங்களில் அடியின் முடிவில் காந்தாரமே வராது. சட்ஜமும் பஞ்சமமும் மட்டும், நம் தம்புராவைப் போல. அந்த வெற்றிடத்தில்தான் அழகு. கீபோர்டுக்காரர் கை சும்மா இராமல் அங்கே ஒரு காந்தாரத்தைச் செருகுவார். சாமான் அடைத்த வீடு மாதிரி ஆகிவிடும்.

பின்னால் வந்த லோவெல் மேசன் போன்ற இசையாசிரியர்கள் இதையெல்லாம் நாட்டுப்புறத்தான் பிழை என்று ஐரோப்பிய முறைக்குத் திருத்தினார்கள். அவர்களைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அமெரிக்கத் தென் மாநிலத்தார் இந்தப் பாட்டுகளை விடவில்லை. 1844-இல் வந்த 'சேக்ரட் ஹார்ப்' பாட்டு நூலை வைத்துக்கொண்டு, சதுரமாக எதிரெதிரே உட்கார்ந்து இன்றும் பாடுகிறார்கள். பார்வையாளர் பக்கம் என்று ஒன்று அங்கே இல்லை.

காயர் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சியில் கீபோர்டை அணைத்துவிட்டு, மெட்டை டெனரிடம் ஒப்படையுங்கள். பேஸுக்கு ஆள் போதவில்லையென்றால் சோப்ரானோ வரிசைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற பையன்களைக் கூப்பிடுங்கள்.