நாலு நாள் பார்சலோனா



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் சீனியைக் குறையுங்கள், தினமும் நடவுங்கள் என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அலுத்துவிட்டது. ஆகவே, எங்கள் வகுப்புத் தோழிகள் ஐவர் ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்ட கதையைச் சொல்கிறோம்.

ஐவரும் விடுதியில் ஒரே வரிசையில் கட்டில் போட்டுப் படுத்தவர்கள். இப்போது ஒருத்தி ரொறன்ரோவில், இருவர் லண்டனில். ஒருவர் கண்டியில் வைத்தியர், மற்றவர் புசல்லாவையில் ஆசிரியை. நாற்பத்தைந்து வயதாகும் வருடத்தில் எங்காவது ஒன்றுகூடுவோம் என்றோம். கடலும் வெயிலும் உள்ள ஊர் வேண்டும் என்று குளிரில் கிடப்பவர்கள் சொல்ல, பார்சலோனா முடிவாயிற்று. நாலே நாள்.

முதற் பட்டியலில் இருபத்துமூன்று இடங்கள்! வெட்டி வெட்டி ஆறாக்கினோம். ஓகஸ்ட்டில் வெயிலும் கூட்டமும் அதிகம் என்பதால் மே மாதம். 1882இல் தொடங்கிய சக்ராடா ஃபமிலியா தேவாலயத்துக்கு நாளும் மணியும் குறித்து முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். அதைக் கட்டிய கௌடி 1926இல் டிராம் மோதி இறந்தவர். லா ராம்ப்லா வீதியில் கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அந்த ஊரில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குப் பிறகு. எங்களில் ஒருத்திக்கு நீரிழிவு, ஆகவே மாத்திரை நேரமும் திட்டத்தில் ஏறியது. இன்சுலின் போடுபவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பொதிகளோடு போட்டால் உறைந்து கெட்டுவிடலாம். (பார்த்தீர்களா, வைத்தியம் வந்துவிட்டது.)

லண்டன், ரொறன்ரோக்காரருக்கு விசா தேவையில்லை. கண்டியிலிருந்து இருவரும் விண்ணப்பித்தோம். வங்கிக் கணக்கு விபரம், வேலைக் கடிதம், முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, தங்குமிடப் பதிவு, திரும்பி வரும் டிக்கெட். இரண்டு கோவைகளையும் ஒரே மேசையில் வைத்து அடுக்கி, ஒரே நாளில் கொடுத்தோம்.

வைத்தியருக்கு விசா வந்தது. ஆசிரியைக்கு மறுப்பு. குறித்த காலத்துக்குள் நாடு திரும்புவார் என்பதில் சந்தேகமாம்.

எங்களில் மூவர் இந்த நாட்டை விட்டுப் போனவர்கள். பல்கலைக்கழகம் முடித்து, தான் பிறந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவென்று அதே மலைக்குத் திரும்பிப் போனவள் அவள் ஒருத்திதான். திரும்பமாட்டாள் என்று எழுதியது அவளைப் பற்றி.

டிக்கெட்டுகளை ரத்துச் செய்வோமா என்று இரண்டு இரவுகள் கதைத்தோம். “வீணாக்காதீங்கடி, போயிட்டு வாங்க, படம் அனுப்புங்க” என்றாள். போனோம். அது சரியா பிழையா என்று எங்களுக்குள் இன்னும் ஒரு முடிவில்லை. நகரம் அழகுதான். இரண்டு நாள் படம் அனுப்பினோம். மூன்றாம் நாள் கடற்கரையில் இருந்தபோது, அவள் அனுப்பிய பதிலில் பின்னால் பாடசாலை மணி கேட்டது. அதன் பிறகு ஒருவரும் கமெராவை எடுக்கவில்லை.

இந்த விழாவுக்கு நாலு நாள் திட்டத்தை அவளே போட்டாள். வெளிநாட்டுக்காரர் மூவருக்கும் இலங்கை விசா இணையத்தில் கிடைத்துவிட்டது. அதைச் சொல்ல அவர்களுக்கே கூச்சம். அவளுடைய பட்டியலில் நாளுக்கு ஒரு வேலைதான். முதல் நாள் தூக்கம். இரண்டாம் நாள் வெயில் ஏறுமுன் பேராதனைப் பூங்கா, பிறகு கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில். இன்று இந்த மண்டபம். நாளை புசல்லாவை. வான் பிடிப்போம் என்றோம், அவள் மறுத்துவிட்டாள். பள்ளிக்கூட நாளில் விடுமுறைக்கு வீடு போனதுபோல கம்பளை வழியாக பஸ்ஸில்தான் போக வேண்டுமாம். அவளுடைய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் பற்றி வைத்தியர் அரை மணித்தியாலம் பேசவும் வேண்டுமாம்.

எங்களோடு வர விரும்பும் சகோதரிகள் காலை ஆறரைக்கு பஸ் நிலையத்துக்கு வாருங்கள். பிந்தினால் நின்றுகொண்டுதான் போக வேண்டிவரும். தண்ணீர்ப் போத்தலும் மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும்.