சிவப்புத் தங்கம்

தங்கத்தை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால், அந்த நீர் மாதுளைச் சாறு போலச் சிவந்துவிடும். இந்த நானோ தங்கத்தை, பெரிய ஆய்வுக்கூட வசதி இல்லாத ஆர்வலர்களும் தயாரித்துப் பார்க்கிறார்கள். அந்த முயற்சிக்கு எவ்வளவு மதிப்பு? இன்று அதைப் பற்றிப் பேசுகிறேன்.

செய்முறை எளிது. 1951-இல் வேதியியலாளர் டர்கெவிச்சும் அவருடைய சகாக்களும் விரிவாக ஆராய்ந்த வழி அது. தங்கக் குளோரைடின் மிக நீர்த்த கரைசலைக் கொதிக்கவைத்து, சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்துக் கலக்க வேண்டும். இளமஞ்சள் நிறம் மறையும், கருநீலம் படரும், சில நிமிடங்களில் சிவப்பு தெளியும். சிட்ரேட் இங்கே இரண்டு வேலை செய்கிறது. கரைந்திருக்கும் தங்கத்தை உலோகமாக்குகிறது. பிறகு துகள்களின் மேல் படிந்து, அவற்றுக்கு எதிர்மின்னூட்டம் கொடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி வைக்கிறது.

கைத்திறன் தெரிவது சுத்தத்தில்தான். குடுவையில் பழைய அழுக்கு ஒட்டியிருந்தாலோ, வாலைவடி நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றினாலோ, சிவப்புக்குப் பதில் ஊதாவோ சாம்பலோதான் கிடைக்கும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியாமல் தங்கக் குளோரைடைத் தொடக் கூடாது. தங்கத்தை வீட்டிலேயே ராஜ திராவகம் என்ற அமிலக் கலவையில் கரைக்க முயல்வது நச்சு வாயுக்களை வரவழைக்கும். அதை அடியோடு விட்டுவிட வேண்டும்.

சிவப்பு வந்ததும் வேலை முடிந்துவிடாது. நல்ல ஆர்வலர் அடுத்து அதைச் சோதிக்கிறார். லேசர் ஒளியைப் பாய்ச்சினால் நீருக்குள் அதன் பாதை தெரிகிறது. வெறும் சாயக் கரைசலில் அப்படித் தெரியாது. ஒரு பங்கில் உப்பையும் இன்னொரு பங்கில் சர்க்கரையையும் கரைக்கிறார். உப்பிட்டது நீலமாகிறது, சர்க்கரை சேர்த்தது சிவப்பாகவே இருக்கிறது. துகள்களை விலக்கி வைத்த மின்னூட்டத்தை உப்பின் அயனிகள் மறைத்துவிடுவதால் அவை திரள்கின்றன. சர்க்கரை நீரில் அயனிகளாகப் பிரிவதில்லை.

இந்த வழியில் நமக்கு முன்னோடி மைக்கேல் ஃபாரடே. பல்கலைக்கழகம் போகாதவர், புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். 1857-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தங்கத்தையும் ஒளியையும் பற்றி அவர் உரை நிகழ்த்தியபோது, இத்தகைய துகள்களைக் காட்டும் கருவி எதுவும் இல்லை. ஒளிக்கூம்பு நீருக்குள் துலங்குவதையும், உப்பினால் சிவப்பு நீலமாவதையும் கவனித்தார். தங்கம் கரைந்து போகவில்லை, மிக நுண்ணிய உலோகத் துகள்களாகவே இருக்கிறது என்று முடிவுகட்டினார். அவர் தயாரித்த திரவங்களில் சில ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் உள்ளன. அத்தகைய துகள்களைத் தனித்தனி ஒளிப்புள்ளிகளாகக் காண, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீடன்டாஃப், சிக்மண்டி என்ற இரு விஞ்ஞானிகளின் அல்ட்ரா நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது.

ஆர்வலருக்கு எல்லையும் உண்டு. துகளின் அளவைத் திட்டமாகச் சொல்ல எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்ற கருவி தேவை. சிவப்பு நிறம், துகள்கள் சிறியவை, பிரிந்து நிற்கின்றன என்று மட்டுமே சொல்லும். அதற்கு மேல் சொன்னால் அது ஊகம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தங்கத்தைப் போலவே வெள்ளியின் நுண்துகள்களையும் நீரில் மிதக்கவிட்டு, வெள்ளிக் கம்பிகளைப் பேட்டரியில் இணைத்துத் தயாரிக்கும் அந்த வெள்ளிநீரை மருந்தென்று குடிப்பவர்கள் இருக்கிறார்கள். உடலில் வெள்ளி சேர்ந்து தோல் நிரந்தரமாக நீலச் சாம்பல் நிறமாகிவிடலாம். சோதனைக்குச் செய்தது சோதனைக்கு மட்டுமே, குடிக்கக் கூடாது.

மற்றபடி, நானோ தங்கம் செய்து பார்க்கும் ஆர்வலர்களின் முயற்சியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கர்ப்பப் பரிசோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றும் செங்கோடு இதே நானோ தங்கத்தால் ஆனது. இத்துறை நம் வாழ்வுக்கு அவ்வளவு நெருங்கியது. அதைவிடப் பெரிய பயன், கண்டதை ஒரு பக்கமும் ஊகித்ததை இன்னொரு பக்கமும் எழுதிவைக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு ஒரு குடுவையைக் கையில் எடுப்பவர் செய்வது அறிவியல்தான். வீட்டில் ஒரு பிள்ளை அதற்கு ஆசைப்பட்டால், நல்ல ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், பள்ளி ஆய்வகத்தில் செய்ய வழி செய்து கொடுங்கள்.