விண்டோஸ் மாற்றப் பணம் கட்ட வேண்டுமா?

(கல்வி உதவி பெறும் குடும்பங்களின் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நம்மிடம் வரும் உதவி மனுக்களில் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், பஸ் பாஸ் என்றுதான் இருக்கும். சில மாதங்களாகப் புதிதாக ஒன்று வருகிறது. "விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம், 11 போட வேண்டுமாம், கடையில் பணம் கேட்கிறார்கள்" என்கிறார்கள். சிலர் புது லேப்டாப்பே கேட்கிறார்கள். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கை வீட்டிலிருந்து எழுதும் ஒரு பெண்ணின் தாயார், தோட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டு வந்தார். அடகு என்றால் வட்டி. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்காக ஒரு குடும்பம் வட்டிக்குள் போக வேண்டுமா? இந்தக் கேள்விக்காகத்தான் இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆதரவு நின்றது என்றால் லேப்டாப் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. முன்பு போலவே ஓடும். ஆனால் அதில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துத் தர மாட்டார்கள்.

ஓட்டை சின்ன விஷயமில்லை. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் 150 நாடுகள் வரை பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இத்தனைக்கும் அந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் அதைப் போடாமல் விட்டவர்கள். ஆகவே நெட் பேங்கிங், ஜி.எஸ்.டி. தாக்கல் எல்லாம் செய்யும் கணினியைப் பழையதிலேயே விட்டுவைக்காதீர்கள். கடைக்காரர் பயமுறுத்துவதில் இந்த அளவு உண்மை உண்டு.

அடுத்து பணம். விண்டோஸ் 10 முறையாக இருக்கும் லேப்டாப், தகுதி உள்ளதாக இருந்தால், 11-க்கு மாறுவது இலவசம். செட்டிங்ஸில் அப்டேட் பகுதிக்குப் போனால் தகுதி உண்டா இல்லையா என்று அதுவே சொல்லும். கொஞ்சம் டேட்டா செலவாகும், ஓரிரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். கடையில் கேட்பது விண்டோஸின் விலை இல்லை, அவருடைய வேலைக்கூலி. கூலி வாங்குவது தவறில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

அந்தத் தாயாரின் மகளுடைய லேப்டாப்பை நம் மையத்துப் பிள்ளைகள் பார்த்தார்கள். இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸர். 11 தானாகவே ஏறியது, ஒரு ரூபாய் செலவில்லை. ஆமை போல் ஓடியதற்குக் காரணம் விண்டோஸே இல்லை, உள்ளே சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டதும் லேப்டாப்பே வேறு மாதிரி ஆகிவிட்டது. சில ஆயிரம் ரூபாய் செலவுதான். தோடு காதிலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். "மெதுவாக இருக்கிறது" என்று வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் இதுதான் நோய். ஓ.எஸ். மாற்றக் கொடுக்கும் பணத்தை எஸ்.எஸ்.டி.க்கும் ரேமுக்கும் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைக்கும்.

இன்னொரு விஷயம். கடையில் முந்நூறு, ஐந்நூறுக்கு "கீ" போட்டுத் தருகிறார்கள். கம்பெனி விலை பத்தாயிரம் ரூபாயைத் தொடும்போது ஐந்நூறுக்கு எப்படி வரும்? பல நேரம் அது கிராக். அதைப் போட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். திருடனுக்கு வழிவிட நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பது மாதிரிதான் இது. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களில், விண்டோஸ் 8 காலத்திலிருந்து, அந்தக் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். திரும்ப இன்ஸ்டால் செய்தால் தானே ஆக்டிவேட் ஆகும். நாம் ஏற்கெனவே விலை கொடுத்த பொருளை அழித்துவிட்டு, காசு கொடுத்துத் திருட்டுப் பொருளைப் போட்டுக்கொண்டு வருகிறோம்!

இது ஹராமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஃபத்வா கொடுக்க நான் ஆளில்லை, ஹஜ்ரத் இருக்கிறார்கள். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பதிப்புரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை ஷரீஅத்தில் பாதுகாப்புப் பெற்ற உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. அறக்கட்டளைப் பணம் அமானிதம். நம் மையத்துக் கணினிகளில் கிராக் இருக்கக் கூடாது என்று கமிட்டியில் முடிவு எடுத்திருக்கிறோம்.

சரி, 11-க்குத் தகுதி இல்லாத பழைய லேப்டாப்? பல வீடுகளில் 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த லேப்டாப் பீரோ மேல் கிடக்கிறது. அதில் 11 ஏறாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய பிராசஸரும் வேண்டும் என்கிறது கம்பெனி. விண்டோஸ் 10 ஓடுபவற்றுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. தனிநபர்களுக்கு 30 டாலர், மைக்ரோசாப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் வைத்தால் இலவசம். இதற்குக் காசு கட்டாதீர்கள், இலவச வழியில் போங்கள். நிறுவனங்களுக்கு இலவசம் கிடையாது. முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்த வருடம் அது இரட்டிப்பாகும். நம் மையத்துக்கு அது கட்டுபடியாகாது என்று சொல்லிவிட்டேன்.

அதனால் பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டோம். விலையில்லாதது, சட்டப்படி சரியானது, பழைய மெஷினிலும் ஓடும். இது புதுமை இல்லை. நம் தமிழக அரசின் எல்காட் நிறுவனமே 2007 வாக்கில் தன் அலுவலகங்களை லினக்ஸுக்கு மாற்றியது. அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது, சென்னை சி-டாக் உருவாக்கியது. நம் பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். கடிதம் எழுத, பாடம் பார்க்க, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, புரோகிராமிங் பழக அது தாராளமாகப் போதும்.

ஆனால் எல்லோருக்கும் அது சரிவராது. டாலியில் கணக்கு எழுதுபவர், கல்யாணப் பத்திரிகை அடிக்க பேஜ்மேக்கர், கோரல்டிரா வைத்திருப்பவர், உர்தூவுக்கு இன்பேஜ் பயன்படுத்தும் நம் மதரஸா உஸ்தாதுகள், கைரேகைக் கருவி வைத்துத் தொழில் செய்பவர் ஆகியோருக்கு விண்டோஸ் இல்லாமல் நடக்காது. இவர்களுக்குச் செலவு செய்வது தொழிலில் போடும் முதல். தையல் மெஷின் வாங்குவதற்கு யோசிப்போமா? இந்த மாதிரி மனுக்களை கமிட்டி பரிசீலிக்கும், பொது நன்கொடையிலிருந்து. ஜகாத் நிதி இதற்கு இல்லை. கல்லூரிப் பிள்ளைகளின் "வேகமாக வேண்டும்" மனுக்களுக்கு முதலில் மெஷினைப் பார்த்துவிட்டுத்தான் பதில்.

வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் லுஹருக்குப் பிறகு அஸர் வரை மையத்தில் பிள்ளைகள் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். கூலி இல்லை. சார்ஜரோடு கொண்டு வாருங்கள். கொண்டு வருவதற்கு முன் போட்டோ, மார்க் ஷீட், ஆதார் நகல் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மைக்ரோசாப்ட் கணக்கின் பாஸ்வேர்ட் தெரிந்த பிள்ளையையும் கூட அழைத்து வாருங்கள், அது இல்லாமல் சில லேப்டாப்கள் திறக்காது. பெண்களுக்கு மூன்றாவது ஞாயிறு தனியாக ஒதுக்கியிருக்கிறோம்.