எல்லை கடந்த காவல்



செஞ்சியில் பணியாற்றிய நாளில் ஆண்டுதோறும் மாணவர்களை இராசகிரிக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். உச்சியை அடையுமுன் பாதிப் பேருக்கு வரலாறு மறந்துவிடும். தண்ணீர் ஒன்றுதான் நினைவில் நிற்கும். ஒருமுறை தென்கிழக்கே கைகாட்டி, "அதோ அத்திசையில் புதுச்சேரி. 1908-இல் ஆங்கிலேயரின் கைதுக்குத் தப்பிய பாரதியார் அங்கேதான் அடைக்கலம் புகுந்தார்" என்றேன். "திருடன் ஓடியிருந்தாலும் தப்பியிருப்பானா, ஐயா?" என்று கேட்டான் ஒரு மாணவன்.

நல்ல கேள்வி. ஆங்கில, பிரெஞ்சு அரசுகளுக்கிடையே குற்றவாளிகளை ஒப்படைக்கும் உடன்படிக்கை அக்காலத்திலேயே உண்டு. அரசியல் காரணத்தால் தேடப்பட்டவர் நிலை வேறு.

இக்காலத்துத் திருடனோ புதுச்சேரியோடு நிற்பதில்லை. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் திருமேனியை, 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைக்கு வாங்கியது! விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். நம் உள்ளூர்க் காவலர் எத்துணைத் திறமையுடையவராயினும், நியூயார்க் கடைக்குள் புகுந்து கைது செய்ய இயலுமா? இன்டர்போல் எனப்படும் பன்னாட்டுக் காவல் அமைப்பின் சிவப்பு அறிவிப்பு இங்கேதான் உதவிற்று. 2011-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் அவர் பிடிபட்டார். 2012-இல் தமிழகக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டார். 2014-இல் நடராசர் தாயகம் திரும்பினார். 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம், சிலைத் திருட்டு வழக்கொன்றில் கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

சிவப்பு அறிவிப்பு கைதாணை அன்று. ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படியே முடிவு செய்யும். ஆகவே சட்டமன்றங்களின் துணையின்றி இவ்வொத்துழைப்பு நடவாது. நம் நாடு 1949-இல் அவ்வமைப்பில் சேர்ந்தது. குற்றவாளிகளை ஒப்படைக்கும் நம் சட்டம் 1962-இல் இயற்றப்பட்டது. புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு இணைந்ததும் அதே ஆண்டில்தான்.

இன்று 196 நாடுகள் உறுப்பினராயிருந்தும் வலையில் ஓட்டை உண்டு. 1984-இல் மக்கள் சீனம் சேர்ந்தபின் தைவான் வெளியே நிற்கிறது. அதற்குப் பார்வையாளர் தகுதி பெற்றுத்தரத் திட்டம் வகுக்குமாறு அமெரிக்கக் காங்கிரஸ் 2016-இல் சட்டமே இயற்றியது. எனினும் ஒரு நாட்டின் சட்டம் பிறர் வீட்டுக் கதவைத் திறந்துவிடுமா? அவ்வாண்டுப் பொதுப்பேரவையில் தைவானுக்கு இடம் கிட்டவில்லை. களவுச் செய்தியையும் கடவுச்சீட்டுச் செய்தியையும் இருபக்கமும் அறியத் தருவதில் அரசியல் குறுக்கிடலாகாது என்பது என் கருத்து.

ஆயினும் கதவை அகலத் திறக்குமுன் பாரதியாரை நினைக்க வேண்டும். மாற்றுக் கருத்துடையோரைப் பிடிக்கவும் இவ்வலையை வீசச் சில அரசுகள் தயங்குவதில்லை. அரசியல் இயல்புடைய செயல்களில் ஈடுபடுவதை அவ்வமைப்பின் சாசனம் மூன்றாம் விதியில் தடுக்கிறது. அரசியல் குற்றத்திற்காக ஒருவரை ஒப்படைப்பதை நம் 1962-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

இவ்வளவையும் அந்த மாணவனுக்கு அன்று சொல்ல இயலவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, கோட்டை வாயிலை அடைக்குமுன் அனைவரையும் எண்ணிக் கீழே இறக்க வேண்டியிருந்தது.